இறாலும் நண்டும் சிப்பியும்: கொழுப்பின் கணக்கு

நமது சங்க மலரில் ஆண்டுதோறும் இலக்கியம், கோயில், இசை பற்றியெல்லாம் அறிஞர்கள் எழுதுகிறார்கள். இம்முறை அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு கட்டுரை இருக்கட்டுமே என்று மலர்க் குழுவினரிடம் கேட்டு இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன். கடலில் வாழும், முதுகெலும்பு இல்லாத, மனிதர் உண்ணும் உயிர்களின் உடலில் உள்ள கொழுப்பு எத்தன்மையது என்பதே பொருள்.

மரக்கறி மட்டும் உண்ணும் சமணக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இறாலைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் சிரிக்கலாம். உண்ணத் தெரியாது, உண்மைதான். ஆனால் நாற்பது ஆண்டுகளாக மும்பை மஸ்ஜித் பந்தரில் எண்ணெய் வியாபாரம் செய்கிறேன். எண்ணெய்க்குக் கூடவே வரும் பரிசோதனைச் சான்றிதழில் இருக்கும் எண்களுக்குப் பொருள் என்ன என்று கேட்டுக் கேட்டுத்தான் கொழுப்பின் வேதியியலைப் படித்தேன். எண்ணெய், நெய், மீன் கொழுப்பு எல்லாம் ஒரே இலக்கணத்துக்குள் அடங்குபவை. ஆகவே சுவையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். கணக்கை மட்டும் சொல்கிறேன்.

இந்தக் கணக்கு ஏன் வேண்டும்? தூத்துக்குடி, இராமநாதபுரம், நாகப்பட்டினம், குமரி என்று கடற்கரை ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஐம்பது வயது தாண்டியதும் ஒரு ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு "இறாலை விட்டுடுங்க, நண்டைத் தொடாதீங்க" என்ற ஒரு வாக்கியம். இது பல வீடுகளில் நடப்பது. என் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவரின் தாயார், எழுபது தாண்டியவர், அப்படித்தான் ஒரே நாளில் இறாலை நிறுத்தினார். பல் இல்லாத அந்த அம்மையாருக்கு மென்று விழுங்க முடிந்த ஒரே அசைவம் அதுதான். இறால் நின்ற பிறகு சாப்பாடே குறைந்து உடல் மெலிந்துவிட்டது. ஆனால் மாலைத் தேநீரோடு சாப்பிடும் காரி பிஸ்கட்டும், வனஸ்பதியில் பொரித்த ஃபர்சாணும் மட்டும் நிற்கவில்லை. அதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லையாம். எது கொழுப்பு, எது கெடுதல் என்பதில் நமக்குள் இருக்கும் குழப்பத்துக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

எந்த உயிர்களைப் பற்றிப் பேசுகிறோம்?

மீன் இதில் சேராது. அதற்கு முதுகெலும்பு உண்டு. நாம் பார்க்கப்போவது மூன்று கூட்டங்கள். முதலாவது ஓட்டுடலிகள்: இறால், சிங்கி இறால், நண்டு. இரண்டாவது இரட்டை ஓடு உள்ளவை: மட்டி, ஆளி, பாறையில் ஒட்டி வளரும் பச்சைச் சிப்பி. மூன்றாவது கணவாய்க் கூட்டம்: ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய், பேக்கணவாய். மும்பைச் சந்தையில் கோளி மீனவப் பெண்களிடம் இவற்றையே கோளம்பி, சிம்போரி, திசர்யா, மாகுல் என்று கேட்டு வாங்குகிறீர்கள். பெயர்தான் வேறு, பொருள் ஒன்று.

தமிழுக்கு இந்தப் பகுப்பு புதிதல்ல. இறவு, அலவன் என்ற பெயர்களில் இறாலும் நண்டும் நெய்தல் பாடல்களில் வருகின்றன. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிக்கும்போது, ஓட்டுக்குள் வாழும் நத்தை போன்றவற்றை ஈரறிவு உயிராகவும், நண்டை வண்டோடு சேர்த்து நாலறிவு உயிராகவும் வைக்கிறது. சமண நூல்களிலும் சங்கும் சிப்பியும் ஈரறிவு உயிர்களே. இதில் வேதியியல் எதுவும் இல்லை; முன்னோர்கள் பார்த்தது புலன்களை. ஆனாலும், ஈரறிவு சிப்பியின் கொழுப்பு வேறு, நாலறிவு நண்டின் கொழுப்பு வேறு என்று நினைவில் வைத்துக்கொள்ள இந்தப் பகுப்பு நமக்கு வசதியாக இருக்கிறது. எப்படி என்று பின்னால் வரும்.

கொழுப்பு என்பது ஒரு பொருள் அல்ல

கொழுப்பு என்ற ஒரே சொல்லால் நாம் குறைந்தது மூன்று பொருள்களைக் குறிக்கிறோம். குழப்பம் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒன்று, சேமிப்புக் கொழுப்பு. கிளிசரால் என்ற முதுகில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்குவது. நல்லெண்ணெய், நெய், ஆட்டுக் கொழுப்பு எல்லாம் இதுவே. இந்த அமைப்பைக் கண்டு 1823-இல் நூலாக எழுதியவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல். (இவர் 102 வயது வரை வாழ்ந்தவர் என்பதைக் கொழுப்பைக் கண்டு அஞ்சுவோருக்காகச் சொல்லி வைக்கிறேன்.) இது உயிரின் பணப்பெட்டி மாதிரி, உபரி வந்தால் நிறையும், பஞ்சம் வந்தால் கரையும்.

இரண்டு, பாஸ்போலிப்பிடு. இரண்டு கொழுப்பு அமிலமும் ஒரு பாஸ்பேட் பகுதியும் கொண்டது. ஒவ்வொரு செல்லின் சுவரும் இதனால் ஆனது. சோயா எண்ணெய் ஆலையில் துணைப்பொருளாக வரும் லெசித்தின் இந்த இனம்தான். இது பணப்பெட்டி அல்ல, வீட்டுச் சுவர். பஞ்சம் வந்தாலும் சுவரை யாரும் இடித்துத் தின்பதில்லை.

மூன்று, ஸ்டீரால். கொலஸ்டிரால் இந்த இனத்தில் ஓர் உறுப்பினர். இதற்கும் பெயர் வைத்தவர் அதே செவ்ரோல்தான். பித்தக் கல்லில் கிடைத்ததால் பித்தம் என்ற பொருள்பட வைத்தார். இது சுவரில் செங்கல்லுக்கு நடுவே இருக்கும் ஆப்பு போன்றது. இது இல்லாமல் எந்த விலங்கின் செல்லும் நிற்காது.

ஆட்டிறைச்சியில் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைக் கொழுப்பு முதல் வகை. இறாலின் சதையிலும் கணவாயின் சதையிலும் அந்த வெள்ளைப் படலத்தை யாராவது பார்த்ததுண்டா? கிடையாது. ஏனென்றால் அவற்றின் சதையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வகைகள்தான். சுவர் உண்டு, பணப்பெட்டி அங்கே இல்லை.

எவ்வளவு இருக்கிறது?

பச்சை இறாலின் 100 கிராம் சதையில் மொத்தக் கொழுப்பு ஏறத்தாழ 1 கிராம். நண்டும் அப்படியே. கணவாய் 1 முதல் 1.5 கிராம். மட்டி 1 கிராம் அளவு, ஆளியும் பச்சைச் சிப்பியும் 2 கிராம் அளவு. இவை பொதுவான எண்கள். இனம், பருவம், பிடித்த இடம் இவற்றைப் பொறுத்து மேலும் கீழும் போகும். ஒப்பிட்டுப் பார்க்க மத்தி மீனைச் சொல்லலாம். நல்ல பருவத்தில் 100 கிராமுக்கு 10 கிராமைத் தாண்டிவிடும். இந்திய உணவுகளின் இத்தகைய அளவுகளை ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பெரிய அட்டவணை நூலில் பார்க்கலாம்; இறால், நண்டு, சிப்பி வகைகளும் அதில் உண்டு.

இந்த 1 கிராமுக்குள் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது நெய்யையும் வனஸ்பதியையும் கெட்டியாக்கும் பகுதி, அரை கிராம்கூட வராது. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் அது சுமார் 8 கிராம். சாதத்தில் விடும் நெய்யையும் தட்டில் இருக்கும் இறாலையும் எடை போட்டால் எந்தத் தட்டு தாழும் என்று வியாபாரியைக் கேட்க வேண்டியதில்லை.

பணப்பெட்டி எங்கே?

சேமிப்பு இல்லாமல் எந்த உயிரும் வாழாது. இறாலும் நண்டும் சதையில் சேமிப்பதில்லை; கல்லீரலும் கணையமும் ஒன்றாய்ச் சேர்ந்த ஓர் உறுப்பில் சேமிக்கின்றன. இறாலின் தலைக்குள், நண்டின் ஓட்டுக்கு அடியில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருப்பது அதுதான். கல்கத்தாவில் இருக்கும் நம்மவர்களுக்கு கல்தா சிங்ரியின் தலையில் உள்ள "கிலு" என்ன விலை பெறும் என்று தெரியும். (கல்தா ஆற்று இறால், முட்டையிட மட்டும் உப்புக் கழிமுகத்துக்கு வரும். உறுப்பின் அமைப்பு ஒன்றே.) அந்த மஞ்சள் பகுதியில் கொழுப்பு சதையைவிடப் பல மடங்கு. ஆகவே "இறால் சாப்பிடலாமா" என்று கேட்பவரிடம் "தலையோடா, தலை இல்லாமலா" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இங்கே இரண்டு விஷயங்களைத் தெளிவாக்க வேண்டும். இறாலின் முதுகிலிருந்து உருவி எறியும் கறுப்பு நரம்பைக் கொலஸ்டிரால் என்று பலர் நம்புகிறார்கள். அது குடல், உள்ளே இருப்பது தீனிக் கழிவு. சுத்தத்துக்காக எடுக்கலாம், கொழுப்புக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. இன்னொன்று, கணவாயின் ஈரலும் நண்டின் மஞ்சளும் கொழுப்பை மட்டும் அல்லாமல் காட்மியம் போன்ற உலோகங்களையும் சேர்த்து வைக்கும். அதனால் கணவாயை வாங்கியதும் வயிற்றுப் பகுதியை நீக்கும் நம் பெண்களின் வழக்கம் நல்ல வழக்கம்.

சிப்பி இனம் வேறு மாதிரி. அது சேமிப்பைப் பெரும்பாலும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளாக வைத்திருக்கும். முட்டை முதிரும் பருவம் வந்ததும் அந்த மாவு கொழுப்பாக மாறி முட்டைக்குள் போகும். அப்போது சிப்பி கொழுத்திருக்கும். முட்டையை விட்டதும் மெலிந்து போகும். ஒரே பாறையில் எடுத்த சிப்பி இரண்டு மாத இடைவெளியில் வேறு வேறு கணக்குக் காட்டும் காரணம் இதுவே.

கொலஸ்டிரால் வழக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மொத்தக் கொழுப்பு குறைவு, சரி, கொலஸ்டிரால்? 100 கிராம் பச்சைச் சதையில் கணவாய்க்கு 230 மில்லிகிராம் அளவு, இறாலுக்கு 150 முதல் 190, நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் 60 முதல் 130, மட்டிக்கும் பச்சைச் சிப்பிக்கும் 30 அளவு, ஆளிக்கு 50 அளவு. ஒரு கோழி முட்டையில் சுமார் 190. ஆட்டிறைச்சியிலும் கோழிக்கறியிலும் 70, 80. ஆக, இறாலிலும் கணவாயிலும் கொலஸ்டிரால் உண்மையாகவே அதிகம். இதை மறைத்துப் பேசுவது நியாயம் அல்ல.

ஆனால் சிப்பி இனத்தின் மீது பழைய புத்தகங்கள் சுமத்திய குற்றம் பொய்யானது. அந்தக் கதை சுவையானது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லீபர்மன், புர்ச்சார்ட் என்ற இருவர் பெயரால் ஒரு சோதனை வந்தது. கொழுப்பில் அசிட்டிக் அன்ஹைட்ரைடும் கந்தக அமிலமும் சேர்த்தால் பச்சை நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு கொலஸ்டிராலை அளப்பார்கள். கோழி முட்டைக்கு இது சரிவரும், ஏனென்றால் அதில் உள்ள ஸ்டீரால் கொலஸ்டிரால்தான். சிப்பிக்குள் இருப்பதோ ஒரு கதம்பம். சிப்பி ஓரிடத்தில் இருந்தபடியே நீரை வடிகட்டி நுண்பாசிகளை உண்கிறது. பாசிகளின் ஸ்டீரால்கள் அப்படியே அதன் உடலில் சேர்கின்றன. இவற்றில் பலவும் அதே பச்சை நிறத்தைத் தரும். சோதனைக் குழாய்க்குப் பெரியம்மாள் யார், சின்னம்மாள் யார் என்று தெரியாது. எல்லாரையும் ஒரே பெயரில் எழுதிவிட்டது.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் வெர்னர் பெர்க்மன் என்பவர் 1930-களிலிருந்து கடல் உயிர்களின் ஸ்டீரால்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். (கடற்பஞ்சு ஒன்றில் அவர் வேறொரு தேடலில் கண்ட பொருள்கள்தாம் பின்னாளில் ரத்தப் புற்றுநோய்க்கான சைட்டராபின் மருந்துக்கு வழிகாட்டின.) 1952-இல் ஜேம்ஸ், மார்ட்டின் இருவரும் வாயுநிறப்பிரிகை முறையைக் கொழுப்பு அமிலங்களுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த முறை பரவிய பிறகு ஒவ்வொரு ஸ்டீராலும் தனித்தனியே எழுந்து நின்றது. மட்டி, ஆளி, பச்சைச் சிப்பி இவற்றின் ஸ்டீராலில் கொலஸ்டிரால் ஒரு பங்குதான். பல இனங்களில் பாதிகூட இல்லை. மற்றவை பாசியிலிருந்தும் தாவரத்திலிருந்தும் வந்தவை. தாவர ஸ்டீரால்கள் நம் குடலில் கொலஸ்டிராலோடு போட்டியிட்டு அது உடலில் ஏறுவதைச் சற்றுத் தடுக்கும் குணம் உடையவை என்பது இன்னொரு செய்தி.

இறாலும் நண்டும் ஏன் அப்படி இல்லை? ஓட்டுடலிகளுக்கும் பூச்சிகளுக்கும் ஒரு குறை உண்டு: நம் கல்லீரல் செய்வதுபோல் ஸ்டீராலைத் தாமே செய்துகொள்ளத் தெரியாது. உணவில் கிடைத்தே ஆக வேண்டும். பாசியின் ஸ்டீரால் கிடைத்தால் அதன் பக்கவாலை வெட்டிக் கொலஸ்டிராலாக மாற்றிக்கொள்ளும். ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போடுவதற்கான ஹார்மோனும் கொலஸ்டிராலிலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே இறாலின் ஸ்டீரால் கிட்டத்தட்ட முழுவதும் கொலஸ்டிராலே. கணவாயும் இறாலையும் மீனையும் பிடித்துத் தின்பது. அதன் கணக்கும் அப்படியே. தொல்காப்பியம் தனித்தனியே வைத்த சிப்பியும் நண்டும் இங்கேயும் தனித்தனியே நிற்கின்றன.

ஒரு வியாபாரச் செய்தியும் இதில் உண்டு. இந்தியாவில் 2009 முதல் வன்னமே இறால் வளர்ப்பு அனுமதிக்கப்பட்டு, ஆந்திரக் கடற்கரை முழுவதும் பரவியது. அந்த இறாலின் தீவனத்தில் மீனெண்ணெய், கணவாய் ஈரல் பொருள்கள், லெசித்தின் இவற்றோடு கொலஸ்டிராலையும் காசு கொடுத்து வாங்கிச் சேர்ப்பதுண்டு. அந்தக் கொலஸ்டிரால் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலும் ஆட்டு உரோமத்தைக் கழுவும்போது கிடைக்கும் மெழுகிலிருந்து. நாம் எதைக் கண்டு ஓடுகிறோமோ அதை இறாலுக்கு மருந்துபோல் ஊட்ட வேண்டியிருக்கிறது.

உண்டால் ரத்தத்தில் என்ன ஆகும்?

தட்டில் இருக்கும் கொலஸ்டிரால் அப்படியே ரத்தக் குழாயில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறோம். உடலில் உள்ள கொலஸ்டிராலில் பெரும்பங்கை உடலே உற்பத்தி செய்கிறது. ரத்தத்தில் எல்.டி.எல். எவ்வளவு சுற்றும் என்பதைக் கல்லீரல் அதை எவ்வளவு வேகமாக உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பதே முக்கியமாக முடிவு செய்கிறது. இந்த வழியைக் கண்ட பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பும் டிரான்ஸ் கொழுப்பும் அந்த இழுப்பைத் தளர்த்திவிடுகின்றன. உணவில் வரும் கொலஸ்டிராலும் எல்.டி.எல்லைக் கூட்டும், ஆனால் பலருக்கு அதன் பங்கு சிறிது.

இறாலையே வைத்து நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனை 1996-இல் வெளியானது. கொலஸ்டிரால் அளவு சரியாக உள்ள ஆரோக்கியமானவர்களுக்கு மூன்று வாரம், தினம் 300 கிராம் ஆவியில் வெந்த இறால் கொடுத்தார்கள். அதாவது நாளுக்கு 590 மில்லிகிராம் கொலஸ்டிரால். கொலஸ்டிரால் குறைந்த சாதாரண உணவோடு ஒப்பிட்டபோது எல்.டி.எல். 7.1 சதவீதம் கூடியது; நல்லது எனப்படும் எச்.டி.எல். 12.1 சதவீதம் கூடியது. டிரைகிளிசரைடு 13 சதவீதம் குறைந்தது. இரண்டு முட்டை கொடுத்தபோது எல்.டி.எல். 10.2 சதவீதமும் எச்.டி.எல். 7.6 சதவீதமும் கூடின.

இதை எப்படிப் படிக்க வேண்டும்? இறால் அமிர்தம் என்று இல்லை, எல்.டி.எல். கூடியிருக்கிறது. மூன்று வாரச் சோதனை, அதுவும் ஆரோக்கியமானவர்கள் மீது. ஆனால் தினம் 300 கிராம் என்பது நம் வீட்டில் நான்கு பேர் குழம்புக்கு வாங்கும் அளவு. அதை ஒருவரே நாள்தோறும் தின்று வந்த மாற்றம் இவ்வளவுதான். வாரத்தில் ஒருநாள் ஒரு கரண்டி இறால் தொக்கு சாப்பிடுபவரின் கணக்கு வேறு. நாளுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்டிராலுக்கு மேல் கூடாது என்று நெடுங்காலம் சொல்லிவந்த அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, 2015-2020 பதிப்பில் அந்த எண்ணைக் கைவிட்டது. குறைவாக உண்பது நல்லது என்ற பொது அறிவுரையை மட்டும் வைத்துக்கொண்டது.

அயோடினைக் குடிக்கும் கொழுப்பு

எண்ணெய்ச் சான்றிதழில் "அயோடின் மதிப்பு" என்று ஓர் எண் இருக்கும். கொழுப்பு அமிலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் எவ்வளவு என்பதன் அடையாளம் அது. தேங்காய் எண்ணெய்க்கு 10-க்குள், கடலை எண்ணெய்க்கு 85 முதல் 99, நல்லெண்ணெய்க்கு 105 முதல் 115 அளவு, ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். தில்லிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிடுகிறது, நல்லெண்ணெய் ஓடுகிறது அல்லவா? இரட்டைப் பிணைப்பு கூடக்கூட எண்ணெய் குளிரில் உறையாது.

கடல் உயிர்களுக்கும் இதே பிரச்சினை. குளிர்ந்த நீரில் செல்லின் சுவர் உறைந்து போகக்கூடாது. அதனால் அவற்றின் பாஸ்போலிப்பிடில் இ.பி.ஏ. (20 கரி அணு, 5 இரட்டைப் பிணைப்பு), டி.எச்.ஏ. (22 கரி அணு, 6 இரட்டைப் பிணைப்பு) என்ற நீண்ட ஒமேகா-3 அமிலங்கள் நிறைந்திருக்கின்றன. நல்லெண்ணெயின் முக்கிய அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு இரண்டே. நம் கடல் வெதுவெதுப்பானது. ஆகவே நம் இறாலிலும் சிப்பியிலும் குளிர்நாட்டு இனங்களைவிட அரக்கிடோனிக் அமிலம் என்ற ஒமேகா-6 பங்கு கூடுதலாக வருவதுண்டு. ஆனாலும் ஒமேகா-3 குறைந்துவிடவில்லை.

எண்ணில் சொன்னால், 100 கிராம் இறால், நண்டு, கணவாய், சிப்பி இவற்றில் இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் சேர்ந்து சுமார் கால் கிராம் முதல் அரை கிராம் வரை. கணவாயில் டி.எச்.ஏ. ஓங்கியிருக்கும், டயாட்டம் என்ற பாசியை மேயும் சிப்பியில் இ.பி.ஏ. நிறைய இருக்கும். உலக உணவு அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய 2008 வல்லுநர் குழு, பெரியவர்களுக்கு இவ்விரண்டும் சேர்ந்து நாளுக்கு 0.25 கிராமாவது வேண்டும் என்றது. மொத்தமே 1 கிராம் கொழுப்பு உள்ள பண்டத்தில் அதில் கால் பங்கு ஒமேகா-3 என்றால் அது தரமான சரக்கு என்றே வியாபாரி சொல்வான்.

ஆனால் மாத்திரை விற்பவர்கள் சொல்வதையெல்லாம் நம்ப வேண்டாம். கிரீன்லாந்து மக்களைப் பற்றி டென்மார்க்கின் பாங், டயர்பெர்க் இருவரும் 1970-களில் எழுதியதிலிருந்து ஒமேகா-3க்குப் பெரிய பெயர் வந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 26,000 பேரைச் சேர்த்து நடத்தி 2018-இல் முடிவு வெளியிட்ட வைட்டல் சோதனையில், பொதுமக்கள் தினமும் விழுங்கும் மீனெண்ணெய் மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு இவற்றின் கூட்டு எண்ணிக்கையைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. உணவாக உண்பது வேறு, மாத்திரையாக விழுங்குவது வேறு.

அடுப்படியில் மாறும் கணக்கு

இதுவரை சொன்னது பச்சைச் சரக்கின் கணக்கு. வாணலியில் இறங்கியதும் கதை மாறும். மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்த இறாலில் 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேல் கொழுப்பு வந்துவிடும். அதில் கடல் கொழுப்பு 1 கிராம். மீதி உங்கள் வாணலியின் கொழுப்பு. எந்த எண்ணெய் என்பதே கேள்வி. திரும்பத் திரும்பச் சுடவைத்த எண்ணெய் என்றால் இறாலைக் குறை சொல்லிப் பயனில்லை. வனஸ்பதி என்றால் டிரான்ஸ் கொழுப்பு. நம் நாட்டில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பின் உச்ச அளவை 2021-இல் 3 சதவீதமாகவும் 2022 முதல் 2 சதவீதமாகவும் குறைத்தார்கள். நல்ல சட்டம், ஆனாலும் நிறைவுற்ற கொழுப்பு அதில் இருந்துகொண்டேதான் இருக்கிறது.

நண்டுக் குழம்பின் மேலே சிவப்பாக எண்ணெய் மிதப்பதைப் பார்த்து "எவ்வளவு கொழுப்பு பார்" என்பார்கள். அந்தச் சிவப்பு அஸ்டாசாந்தின் என்ற நிறமி. உயிரோடு இருக்கும்போது புரதத்தோடு பிணைந்து நீலமாக, பச்சையாகத் தெரியும். சூடு பட்டதும் புரதம் விட்டுவிடும், சிவப்பு வெளிப்படும். அது எண்ணெயில் கரையும், நீரில் கரையாது; ஆகவே நீங்கள் தாளித்த எண்ணெயே சிவந்து மிதக்கிறது.

காய்ந்த இறாலும் சென்னாக்குன்னியும், மும்பையின் ஜவ்ளாவும் நீர் வற்றியவை. 100 கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் கொலஸ்டிரால் பல மடங்கு தெரியும். ஒரு துவையலுக்கு நாம் போடுவது ஒரு கைப்பிடி. அங்கே பார்க்க வேண்டியது உப்பை. ரத்த அழுத்தக்காரர்கள் கழுவிப் போட வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். இரட்டைப் பிணைப்பு நிறைந்த கொழுப்பு காற்றுப் பட்டுச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்பதும் எண்ணெய்க் கடைப் பாடம்தான். பல மாதம் உறைபெட்டியில் கிடந்த கணவாயின் வாடைக்கு அதுவும் ஒரு காரணம்.

மரக்கறிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் இறாலின் சொந்தச் சொத்து அல்ல. சிப்பி செய்தது அல்ல, மீன் செய்ததும் பெரும்பாலும் அல்ல. கடலின் மேற்பரப்பில் வெயில் காயும் நுண்பாசிகள் செய்தது. பாசியைத் தின்றவற்றைத் தின்றவற்றின் வழியாக மேலே ஏறி வந்தது. ஆகவே உயிரைக் கொல்லாமலேயே டி.எச்.ஏ. பெற முடியும். தொட்டியில் வளர்க்கும் நுண்ணுயிர்ப் பாசியிலிருந்து எடுத்த டி.எச்.ஏ. எண்ணெயைக் குழந்தைப் பால் மாவில் சேர்க்க அமெரிக்க உணவு நிர்வாகம் 2001-இல் ஆட்சேபம் இல்லை என்றது. இன்று அதுவே மரக்கறிக்காரர்களுக்கான மாத்திரையாகவும் கிடைக்கிறது.

வீட்டு எண்ணெய்களில் பார்த்தால் நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஒமேகா-3 இல்லை என்றே சொல்லலாம். ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல், கடுகு எண்ணெயில் 10 சதவீதம் அளவு, சோயா எண்ணெயில் 7 சதவீதம் அளவு குறுஞ்சங்கிலி ஒமேகா-3 உண்டு. அதை நீண்ட டி.எச்.ஏ.வாக மாற்றும் திறன் நம் உடலுக்கு மிகக் குறைவு. ஆனாலும் வடக்கே வாழும் நாம் கடுகு எண்ணெய் வாடை பிடிக்காது என்று ஒதுக்காமல் வாரத்தில் சில நாள் அதைப் பயன்படுத்துவது நல்லது.

தொகுத்துச் சொன்னால்

மட்டி, சிப்பி, ஆளி மீது கொலஸ்டிரால் குற்றம் நிற்காது. சுத்தமான நீரில் வளர்ந்தவையா என்பதே அங்கே கேள்வி. நண்டும் சிங்கி இறாலும் நடுத்தரம். இறாலிலும் கணவாயிலும் கொலஸ்டிரால் உண்டு, நிறைவுற்ற கொழுப்பு இல்லாத அளவுக்குக் குறைவு. தலையும் ஈரலும் நீக்கி, குழம்பாகவோ ஆவியிலோ சமைத்து, அளவாக உண்பது ஒரு வழி. சர்க்கரை நோயாளிகளும், பரம்பரையாக எல்.டி.எல். மிகுந்தவர்களும் மருத்துவர் சொல்லைத் தாண்டக்கூடாது. யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்களுக்கும், இறால் தின்றால் உடம்பு தடிப்பவர்களுக்கும் விலக்கு விலக்குதான். அந்தத் தடிப்பு புரதத்தால் வருவது, கொழுப்பால் அல்ல.

அடுத்த முறை மருத்துவர் "இறாலை நிறுத்துங்கள்" என்று சொன்னால், பணிவோடு இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "வாரத்துக்கு எவ்வளவு வரை சாப்பிடலாம், டாக்டர்? அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் எந்த எண்ணெயை, எந்தப் பலகாரத்தை நிறுத்த வேண்டும்?" வயதானவர்களின் தட்டிலிருந்து ஒரு பண்டத்தை எடுப்பதற்கு முன், அந்த இடத்தில் எதை வைக்கப்போகிறோம் என்று வீட்டார் ஒரு நிமிடம் யோசித்தால் இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பயன் உண்டு.